காரைப் பார்த்ததும் திறந்தார்கள்

என்னிடம் இருபத்தாறு டைரிகள் இருக்கின்றன. வருடத்துக்கு ஒன்று. எல்லாம் ஒரே அளவு, ஒரே கடையில் வாங்கியவை. ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருப்பேன். இடது பாதியில் அன்றைய வழக்குகள், அடுத்த வாய்தா, செய்ய வேண்டிய வேலை. வலது பாதியில் அன்று நான் பார்த்தவை: எத்தனை மணிக்குக் கிளம்பினேன், மழை இருந்ததா, என்ன சாப்பிட்டேன், யார் என்ன சொன்னார்கள். வலது பாதியில் கருத்து எதுவும் எழுதுவதில்லை. பார்த்தது, கேட்டது மட்டும்.

"வலது பக்கம் எதுக்கு மேடம்?" என்று என் குமாஸ்தா ஒருமுறை கேட்டார். என் வயதுக்காரர், கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வீடு. நான் தொழில் தொடங்கிய மூன்றாம் வருடத்திலிருந்து என்னோடு இருக்கிறார்.

"சும்மாதான்."

"சும்மா எழுதறதுக்கு இவ்வளவு நல்ல பேப்பரா?"

நான் அன்றைய பக்கத்துக்கு நடுவில் கோடு போட்டேன்.

கம்பெனி வக்கீல் என்றால் கண்ணாடி அறையும் கோட்டும் நினைவுக்கு வரும் போலிருக்கிறது. என் அலுவலகம் கிருஷ்ணகிரியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில். ஓசூர் சிப்காட்டில் இருக்கும் தொழிற்சாலைகளுக்காக வழக்காடுகிறேன். உதிரிபாகம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய தகராறு, நிலத்தின் எல்லை, காண்டிராக்ட் தொழிலாளர் பிரச்சினை, வேலைநீக்கம். அந்த வருடங்களில் என் அலமாரியில் இருந்த முப்பது வழக்குக் கட்டுகளில் இருபதுக்கு மேல் ஒரே கம்பெனியுடையவை. தொழிற்சாலை ஓசூரில், தலைமை அலுவலகம் பெங்களூரில். அவர்கள் போய்விட்டால் என் அலுவலகத்தின் பாதி விளக்கு அணைந்துவிடும் என்பது எனக்கும் தெரியும், குமாஸ்தாவுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

இங்கே யார் பெயரையும் நான் எழுதவில்லை. வழக்கு முடிந்துவிட்டது. நீதிமன்றத்தில் என்ன தாக்கல் ஆனதோ அது பதிவில் இருக்கிறது. அதற்கு மேல் இங்கே இருப்பது பெரும்பாலும் என்னைப் பற்றியது.

அந்தத் தொழிலாளிக்குக் கெலமங்கலம் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு. பதினோரு வருடம் அதே இயந்திரத்தில் வேலை பார்த்தவர். ஷிப்டு சூப்பர்வைசரின் கையைத் தட்டிவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார் என்று குற்றச்சாட்டு. ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதற்கு முன் கம்பெனிக்குள்ளேயே ஒரு விசாரணை நடத்த வேண்டும். தன் பக்கத்தைச் சொல்ல அவருக்கு அதுதான் வாய்ப்பு. விசாரணை நடந்தது. அவர் வரவில்லை என்று பதிவானது. வராததால் ஒருதலையாக முடித்து, வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். அப்போது எங்கள் பக்கத்துத் தொழிலாளர் வழக்குகள் சேலத்துக்குத்தான் போகும். நோயும் ஊரடங்கும் நடுவில் வந்து இரண்டு வருடத்தை விழுங்கின. எல்லாம் சேர்ந்து, நான் அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தபோது ஆறு வருடம் ஓடியிருந்தது. அதற்குள் அவர் கெலமங்கலம் சந்தையிலிருந்து ஓசூருக்குத் தக்காளி ஏற்றும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டது வேலை. "டிஸ்மிஸ் ஆனவன்னு தெரிஞ்சா சிப்காட்ல எந்தக் கேட்டும் தொறக்காதுங்க" என்று கூண்டில் தன் வக்கீல் கேட்டபோதே சொல்லியிருந்தார். நான் எழுந்தேன்.

"விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் கிடைத்ததா?"

"கெடைச்சுதுங்க. பத்தரை மணிக்கு, கம்பெனியில. நான் பத்து மணிக்கே போயிட்டேன்ங்க. கேட் பூட்டியிருந்துது. தேர் லீவு, நாளைக்கு வான்னு செக்யூரிட்டி சொல்ட்டாரு."

"உடனே திரும்பிவிட்டீர்களா?"

"இல்லீங்க. எதுத்தாப்ல வேப்பமரத்தடியில பதினோரு மணி வரைக்கும் நின்னேன். ஒரு வெள்ளைக் கார் மட்டும் உள்ள போச்சு. ஆளுங்க யாரும் போகல. மறுநாள் போனேன். எல்லாம் முடிஞ்சு போச்சுன்னாங்க."

நான் வருகைப் பதிவேட்டின் அச்சுப் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். தலைமை அலுவலகத்தின் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் ஒன்பதாவது சான்றாவணம்.

"அந்தத் தேதியில் முந்நூறு பேருக்கு மேல் வேலை பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் திறந்த கேட் உங்களுக்கு மட்டும் பூட்டியிருந்ததா?"

அவர் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். கூட வேலை பார்த்தவர்களின் பெயர்கள் அதில் இருந்தன.

"இது எப்படின்னு தெரியலைங்க. அன்னிக்கு லீவு. ஊருக்கே தெரியும்."

"நீதிமன்றம் உங்கள் ஊரில் இல்லை. சேலத்தில் இருக்கிறது."

பின்வரிசையில் வக்கீல்கள் சிரித்தார்கள். அவர் காகிதத்தை மடிக்காமல், இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் எதிர்த்தரப்பு வக்கீல், சேலத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கவுனைக் கழற்றிக்கொண்டே பக்கத்தில் வந்தார். "என்னம்மா, என் ஆளைத் தாளிச்சு எடுத்துட்ட."

"நீங்கள் கொஞ்சம் தயார் செய்திருக்கலாம்."

"அவன் சொன்னதைத்தான் மனுவில எழுதினேன். பேப்பர் இருந்தா கொண்டாப்பான்னா, ஊரைக் கேளுங்கன்றான். ஊரை எங்கே சான்றாவணமா மார்க் பண்றது?"

அவருக்கு அன்று வேறு பதினாறு வழக்குகள் இருந்தன. நான் பஸ் ஏறினேன். அன்றைய பக்கத்தின் இடது பாதியில் "குறுக்கு விசாரணை முடிந்தது. நன்று" என்று இருக்கிறது.

அடுத்தது எங்கள் சாட்சி. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு துணை மேலாளர், இதெல்லாம் நடந்த பிறகு கம்பெனியில் சேர்ந்தவர். ஆவணங்களை வைத்துத்தான் அவர் பேச வேண்டும். அவருடைய பிரமாண வாக்குமூலத்தை எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். ஏழாவது பத்தி: "விசாரணை நாளன்று தொழிற்சாலை வழக்கம்போல் இயங்கியது. மனுதாரர் வேண்டுமென்றே வரவில்லை." விசாரணை எத்தனை மணிக்கு முடிந்தது என்று எழுதவும் இடம் விட்டிருந்தேன். விசாரணை முறைப்படி நடக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கம்பெனி அன்று என்னையும் அழைத்திருந்தது. ஆகவே முடிந்த நேரம் டைரியில் இருக்கும். அந்த வருட டைரியை எடுத்தேன்.

வலது பாதியில் இப்படி இருந்தது:

"8.55 கிளம்பினேன். சூளகிரி தாண்டி நீர்மோர்ப் பந்தல் இரண்டு. டிரைவர் இறங்கிக் குடித்தார், எனக்கும் ஒரு டம்ளர். 10.20 தொழிற்சாலை. கேட் பூட்டியிருந்தது. காரைப் பார்த்ததும் திறந்தார்கள். கேண்டீன் இல்லை. டீ வெளியிலிருந்து ஃப்ளாஸ்கில் வந்தது. இயந்திரச் சத்தம் இல்லாததால் மெதுவாகப் பேசினாலும் கேட்டது. 12.05 முடிந்தது. அவர் வரவில்லை."

இரண்டாம் முறை படித்தேன். என் கார் வெள்ளை. அன்றும் அதே கார்தான்.

பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. "இன்னைக்கு லோக்கல் லீவு மேடம், தொந்தரவு இல்லாம நடத்தலாம்" என்று அன்று இருந்த அதிகாரி சொன்னது. நல்லதுதான் என்று நான் நினைத்தது. விசாரணைக்கு ஆள் வருவார், உள்ளே விடு என்று கேட்டில் சொல்லியிருக்கிறீர்களா என்று நான் கேட்காதது. அதற்கும் முன்னால், பெங்களூர் அலுவலகத்தில் உட்கார்ந்து நோட்டீசுக்குத் தேதி குறித்தபோது, சுவரில் தொங்கிய காலண்டரில் சிவப்பு இல்லாத நாளாகப் பார்த்துச் சொன்னவள் நான். அங்கே அச்சடித்த காலண்டர் அது. இங்கே அச்சடித்ததாக இருந்தாலும் வித்தியாசம் இருந்திருக்காது. ஓசூர்த் தேருக்கு விடும் உள்ளூர் விடுமுறை எந்தக் காலண்டரிலும் சிவப்பில் வருவதில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். நான் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கிருஷ்ணகிரியில் இருந்தேன். தலைமை அலுவலகம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் கெலமங்கலத்தில் இருந்தார். தேர் நாள் என்று தெரிந்தும், நோட்டீஸ் வந்திருக்கிறதே என்று வந்திருக்கிறார்.

அப்படியானால் முந்நூறு பேருடைய வருகை?

திங்கட்கிழமை குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"இது தெரியாதா மேடம்? தேருக்கு லீவு விட்டா அதுக்குப் பதிலா பின்னால ஒரு ஞாயித்துக்கெழமை வேலை வைப்பாங்க. என் மச்சான் அங்க அஞ்சு வருஷம் இருந்தானே. ஞாயித்துக்கெழமைய கம்ப்யூட்டர் ஒத்துக்காது, அதுக்கு ஞாயிறுன்னா லீவுதான். அதனால வருகை போடற டைம் ஆபீஸ்ல அந்த ஆளுங்களையெல்லாம் தேர் நாள்ல ஏத்திடுவாங்க. கணக்கு சரியாயிடும்."

"எல்லாருக்கும் தெரியுமா இது?"

"உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியும். பெங்களூர்ல எப்படித் தெரியும்? அவங்களுக்கு வர்றது பிரிண்ட் அவுட்தானே." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்டு மேடம்?" என்றார். நான் சொன்னேன். அவர் எழுந்து தபால்களைப் பிரிக்கப் போய்விட்டார்.

அந்த வாரமே பெங்களூர் போனேன். மனிதவளத் துறைத் தலைவர் நாற்பதைத் தாண்டியவர். தமிழர்தான், அங்கேயே பிறந்து வளர்ந்தவர். என்னிடம் எப்போதும் மரியாதையாக இருப்பார். காபி வரவழைத்தார். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"மேடம், அன்னைக்கு இருந்த ஆபீசர் இப்ப இல்லை. செக்யூரிட்டி ஏஜென்சியே மாறிடுச்சு. சிஸ்டம்ல வேலை நாள்னு இருக்கு."

"சிஸ்டத்தில் இருப்பது தவறு."

"யார் சொல்றாங்க?"

"நான் பார்த்தேன்."

"நீங்க இந்த கேஸ்ல சாட்சியா, வக்கீலா?" குத்திக் கேட்கவில்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே கேட்டார்.

நான் டைரியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "டைரி உங்களோடது மேடம். ரெக்கார்டு கம்பெனியோடது."

சட்டத்தில் ஒரு வழி இருந்தது. அதையும் சொன்னேன். அந்த விசாரணையை ஆதாரமாகக் கொள்ளவில்லை என்று நாமே சொல்லிவிடலாம். நடந்த குற்றத்தை நீதிமன்றத்திலேயே புதிதாக நிரூபிக்கிறோம் என்று அனுமதி கேட்கலாம். சூப்பர்வைசர் வந்து சாட்சி சொன்னால் போதும்.

"அவர் நரசாபுரா பக்கம் வேற கம்பெனிக்குப் போயிட்டார். வரமாட்டார். அவர் வரலைன்னா இந்த ஆள் ஜெயிச்சுடுவார். ஒருத்தர் உள்ள வந்தா, இதே மாதிரி டிஸ்மிஸ் ஆகி வெளிய நிக்கற ஒன்பது பேரும் அதே கதவைப் புடிச்சுக்கிட்டு வருவாங்க." அவர் எழுந்து நின்றார். "ஏழாவது பாரா அப்படியே இருக்கட்டும் மேடம். எழுதறது நீங்க, சொல்லப் போறது எங்க ஆள். உங்களுக்கு என்ன?"

திரும்பும்போது அத்திப்பள்ளியில் வண்டிகள் நகரவில்லை. முன்னால் கம்பெனி பஸ்கள், பின்னால் லாரிகள். ஒன்றேகால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றோம். சட்டப் புத்தகத்தில் வக்கீல் ரகசியம் காப்பது பற்றிய பிரிவை எடுத்து நான்கு முறை படித்தேன். கட்சிக்காரருக்காக வேலை செய்யும்போது தெரிந்துகொண்டதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. அது நல்ல விதி. அது இல்லாவிட்டால் யாரும் வக்கீலிடம் உண்மை பேச மாட்டார்கள். புதிதாக வரும் கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே அதை விளக்குவது என் வழக்கம். விதிவிலக்கும் இருக்கிறது: மோசடி நடப்பதைக் கண்டால் சொல்லலாம். டைம் ஆபீசில் கணக்குச் சரியாக வேண்டும் என்று போட்ட பதிவு மோசடியா? அவர்கள் யாரும் எவரையும் ஏமாற்ற அதைச் செய்யவில்லை. அதைத் தூக்கி நீதிமன்றத்தில் காட்டியது நான்தான்.

வழக்கை விட்டு விலகலாம். விலகினால் என் கை சுத்தம். வேறொரு வக்கீல் ஒன்றும் தெரியாமல் ஏழாவது பத்தியை நல்ல மனசோடு தாக்கல் செய்வார். அந்த மனிதர் தக்காளி வண்டியே ஓட்டிக்கொண்டிருப்பார். இருந்து பேசாமல் இருக்கலாம். அதற்கும் அதே முடிவுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் உள்ளே இருந்தேன், அவர் வெளியே இருந்தார்.

அடுத்த வாய்தாவுக்குச் சேலம் பஸ்ஸில் ஏறினேன். ஓடும் காரில் படித்தால் தலை சுற்றும், பஸ்ஸில் சுற்றாது, அதனால் சேலத்துக்கு எப்போதும் பஸ்தான். ஓசூரிலிருந்து வரும் வண்டி, கூட்டம். உள்ளே போனதும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"உக்காருங்க மேடம்."

அவர்தான். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதங்கள். வேண்டாம் என்றேன். அதற்குள் அவர் நகர்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். நின்றிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். உட்கார்ந்தேன்.

காவேரிப்பட்டணம் தாண்டியதும் குனிந்து, "மேடம், ஒரு சந்தேகம் கேக்கலாங்களா?" என்றார்.

"நான் உங்களோடு வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. உங்கள் வக்கீலைக் கேளுங்கள்."

"அவருகிட்ட கேட்டா பேப்பர் எங்கேன்றாரு." கம்பியில் கையை மாற்றிப் பிடித்தார். "அந்த லிஸ்ட்டுல என் சித்தப்பா பையன் பேரும் இருக்குதுங்க. அன்னிக்குக் கேட்லேருந்து நான் தேருக்குத்தான் போனேன், அவன் என்கூட நின்னு தேர் இழுத்தான். வடத்தை விட்டுட்டு எப்பப் போய் வேலை பாத்தான்? அதத்தான் கேக்கலாம்னு பாத்தேன். பரவால்லைங்க."

தர்மபுரியில் இடம் காலியானதும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி எங்கள் முன்னால் உறுமிக்கொண்டே ஊர்ந்தது. என் மடியில் அவருடைய வழக்குக் கட்டு இருந்தது. அவருக்கு வேண்டிய பதில் என் கைப்பையில், டைரியில் இருந்தது. கொண்டுவரத் தேவையே இல்லை. ஏனோ கொண்டுவந்திருந்தேன். அன்று எங்கள் சாட்சிக்கு உடல்நலமில்லை என்று சொல்லி வாய்தா வாங்கினேன். அது உண்மைதான், அவருக்குக் காய்ச்சல். அந்தக் காய்ச்சலுக்காக நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஏழாவது பத்தி இல்லாமல் வாக்குமூலத்தை எழுதி பெங்களூருக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. நான்கே வரி. இந்த ஒரு வழக்கை வேறு வக்கீலிடம் கொடுக்க விரும்புகிறோம், வக்காலத்து மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்டுக் கட்டை அனுப்பிவையுங்கள். மற்ற வழக்குகளைப் பற்றி எதுவும் இல்லை. இல்லாததே போதுமாக இருந்தது.

கட்சிக்காரர் கேட்டால் கட்டைக் கொடுத்துவிட வேண்டும். நான் எந்தக் கட்டையும் அட்டவணை இல்லாமல் கொடுத்ததில்லை. உட்கார்ந்து நாற்பத்தொரு காகிதங்களுக்கும் எண் போட்டேன். எழுதும்போதுதான் அது தோன்றியது. அடுத்து வரும் வக்கீலும் இதே கட்சிக்காரரின் வக்கீல். அவரிடம் சொல்வது வெளியே சொல்வது ஆகாது. அவருக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லாமல் கட்டைக் கொடுப்பதுதான் தப்பு.

ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். விசாரணை நாள் ஓசூர்த் தேர் நாள். தொழிற்சாலை மூடியிருந்தது. கேட் பூட்டியிருந்ததை நானே பார்த்தேன். ஒன்பதாவது சான்றாவணத்தில் அந்தத் தேதிக்குக் காட்டியிருக்கும் வருகை, பதிலுக்கு வேலை வைத்த ஞாயிற்றுக்கிழமையுடையது என்று தெரிகிறது, டைம் ஆபீசில் சரிபார்க்கவும். டைரிப் பக்கத்தின் நகல் இணைப்பு. இரண்டையும் சேர்த்து நாற்பத்துமூன்று காகிதம். குறிப்பை அட்டவணையில் முதலாவதாக வைத்தேன். புதிதாக வருகிறவர் கட்டைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது அதுவாக இருக்க வேண்டும்.

குமாஸ்தாவே பெங்களூர் போய்க் கொடுத்தார். திரும்பி வந்து அட்டவணையின் நகலை மேசையில் வைத்தார். தபால் வாங்கும் பிரிவின் முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தன.

"ஒவ்வொரு காகிதமா எண்ணிப் பாத்து வாங்கச் சொன்னேன் மேடம். அந்தப் பொண்ணு சலிச்சுக்கிச்சு. நாப்பத்திமூணையும் எண்ணிட்டுத்தான் சீல் போட்டுச்சு."

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு மதியம் துறைத் தலைவரே போன் செய்தார்.

"மேடம், ரெண்டு பேர்கிட்ட குடுத்தோம். ரெண்டு பேரும் கட்டைத் திருப்பிட்டாங்க. முதல் பேப்பரைப் படிச்சுட்டு, இது இருக்கறப்ப அந்தப் பாராவை நான் போட முடியாதுன்றாங்க."

"புரிகிறது."

"அந்த ஒரு பேப்பரை எடுத்துட்டு, இன்டெக்சை மாத்திக் குடுங்களேன்."

"உங்கள் அலுவலகம் எண்ணிப் பார்த்து முத்திரை போட்டு வாங்கியிருக்கிறது சார். இப்போது அது கம்பெனி ரெக்கார்டு."

மறுமுனையில் அவர் மெல்லச் சிரிப்பது கேட்டது. சந்தோஷச் சிரிப்பு இல்லை. "நல்லா மாட்டிவிட்டீங்க மேடம்."

"நானும் அதற்குள்தான் இருக்கிறேன்."

கட்டு கூரியரில் என்னிடமே திரும்பி வந்தது. கூடவே ஒரு வரி: நீங்கள் சொன்னபடியே செய்யுங்கள். அடுத்த வாய்தாவில் மனுத் தாக்கல் செய்தேன். அந்த விசாரணையை நிர்வாகம் ஆதாரமாகக் கொள்ளவில்லை, ஒன்பதாவது சான்றாவணத்தைத் திரும்பப் பெறுகிறது, குற்றச்சாட்டை நேரடியாக நிரூபிக்க அனுமதி வேண்டும். சூப்பர்வைசருக்கு மூன்று வாய்தா கொடுத்தார்கள். வரவில்லை. சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மறுபடி வேலை, பணித்தொடர்ச்சியோடு.

"ஏம்மா, ஜெயிச்ச கேசை எதுக்கு விட்ட?" என்றார் சேலம் வக்கீல்.

"கட்சிக்காரர் சொன்னபடி செய்தேன்."

"சரி சரி, நம்பிட்டேன்." பைக்குள் கவுனைத் திணித்துக்கொண்டு போனார்.

கம்பெனி என்னை நீக்கவில்லை. புதிய கட்டு எதுவும் கொடுக்கவும் இல்லை. வெளியே நிற்கும் ஒன்பது பேருடைய வழக்குகள் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கின்றன. திருப்பிக் கேட்க மாட்டார்கள். கேட்டால் அட்டவணையோடு கொடுப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். நானாக விட்டு விலகவும் மாட்டேன். ஒன்பதின் தேதிகளையும் டைரிகளோடு ஒத்துப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். குமாஸ்தா வாரத்தில் இரண்டு நாள் வேறு வக்கீலிடம் வேலை பார்க்கிறார். அவரே கேட்டுக்கொண்டது, நான் தடுக்கவில்லை.

இந்த வருடம் அதில் ஒரு வழக்குக்காகத் தொழிற்சாலைக்குப் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்து வெளியே வரும்போது ஷிப்டு மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. கேட்டில் என் கார் கையெழுத்துக்காக நின்றபோது, கழுத்தில் அடையாள அட்டையோடு அவர் நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். நான் கண்ணாடியை இறக்கினேன். ஆறு வருடத்துக்கு மேல் அவரை வெளியே நிறுத்தியது என்னுடைய தேதி என்பதையோ, அந்தக் கட்டின் முதல் காகிதம் என்ன என்பதையோ நான் அவரிடம் சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்த நான், கோர்ட் சேலத்தில் இருக்கிறது என்று சொல்லிச் சிரிக்கவைத்தவள் மட்டுமே.

"நல்லா இருக்கீங்களா மேடம்?"

"இருக்கிறேன். நீங்கள்?"

"இருக்கேன்ங்க. பழைய மெஷின்தான் குடுத்திருக்காங்க." என் வெள்ளைக் காரின் முன்பக்கத்தை ஒருமுறை பார்த்தார். "நாளைக்கும் வர்ற வேலை இருக்குங்களா?"

"இருக்கிறது. ஏன்?"

"நாளைக்குத் தேருங்க. கேட் பூட்டியிருக்கும்." பஸ் ஹாரன் அடித்தது. அவர் இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "ஆனா உங்களுக்குத் தொறப்பாங்க."

அன்றைய பக்கத்தின் வலது பாதியில் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன். மறுநாள் நான் ஓசூருக்குப் போகவில்லை.